‘அந்த ஏரியா ஆளுங்க இல்ல மேடம்’

போன ஆடி மாதம் அம்மாவுக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், ஓர் அரசு மருத்துவமனையில். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் மூன்று விஷயம் சொன்னார். குனியக் கூடாது. சம்மணம் போட்டு உட்காரக் கூடாது. ஈரத் தரையில் நடக்கக் கூடாது. அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். முப்பது வருடம் குனிந்தும், சம்மணம் போட்டும், ஈரத் தரையில் நடந்தும்தான் அவர் எங்களைக் காப்பாற்றினார். பத்துப் பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கித் துடைத்துத் தேய்ந்துபோன முட்டி அது.

நான் சமூகப் பணியாளர். மாதத்தில் பாதி நாள் செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கம் ஊர் ஊராகச் சுற்றும் வேலை. மேடவாக்கத்தில் வாடகைக்கு இருக்கும் இரண்டு படுக்கையறை வீட்டைப் பெருக்கவும் துடைக்கவும் அதுவரை அம்மாவும் நானும் மாறி மாறிச் செய்தோம். இனி ஆள் வைக்காமல் முடியாது. அம்மாவுக்கு இதில் சம்மதமே இல்லை. “நான் இருக்கும்போது இந்த வூட்டுக்கு ஆளா?” என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் நான் இல்லாத நேரத்தில் மாப்பை எடுக்கப் போய், கால் வழுக்கி, நல்லவேளை கட்டிலில் விழுந்தார். அன்று மாலையே வீட்டைச் சுத்தம் செய்து தரும் ஒரு நிறுவனத்துக்குப் போன் போட்டேன்.

பேசியவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். எத்தனை அறை, எத்தனை பாத்ரூம், வீட்டில் நாய் உண்டா என்று கேட்டார். “ஆளுங்க நம்பிக்கையானவங்களா?” என்று நானும் எல்லோரும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். “கவலையே படாதீங்க மேடம். ஆதார் வாங்கிடுவோம், போலீஸ் வெரிஃபிகேஷன் பண்ணிடுவோம். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, அந்த ஏரியா ஆளுங்களை எல்லாம் நாங்க எடுக்கறதே இல்ல மேடம். அந்த கேரண்டி நான் தர்றேன்.”

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அம்மா கட்டிலில் கால் நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். 2001 முதல் 2016 வரை பதினைந்து வருடம் கண்ணகி நகரில் குடியிருந்தவர். அதாவது, ‘உங்கள் அம்மாவை நாங்கள் அனுப்பமாட்டோம்’ என்பதுதான் அந்த நிறுவனம் எனக்குத் தந்த உத்தரவாதம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? “சரிங்க, யோசிச்சு சொல்றேன்” என்று சொல்லிப் போனை வைத்தேன். கூட்டங்களில் மைக் பிடித்துப் பேசுகிறவள். அந்த நேரத்தில் வாயில் வந்தது அவ்வளவுதான். அம்மாதான் சிரித்தார். “அப்போ நம்மள எடுக்கமாட்டான்.”

இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்பைப் பற்றியது.

நாங்கள் முதலில் இருந்தது மந்தைவெளி பக்கம், கால்வாய்க் கரையில். அம்மா நான்கு வீடுகளில் வேலை செய்தார். நான்குமே நடந்து போகும் தூரம். மதியம் ஒருமுறை வீட்டுக்கு வந்து எங்களுக்குச் சோறு போட்டுவிட்டுப் போகலாம். 2001-ல் நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது லாரி வந்தது. பாத்திரம், பாய், தகரம், எங்களை எல்லாம் ஏற்றிக்கொண்டுபோய்த் துரைப்பாக்கத்துக்குக் கிழக்கே இறக்கிவிட்டது. குடிசை மாற்று வாரியம் 2000-லிருந்து அங்கே கட்டிய குடியிருப்புதான் கண்ணகி நகர். நகரத்தின் பல கரைகளிலிருந்து பிடுங்கி எறியப்பட்டவர்களை ஒரே இடத்தில் நட்டார்கள். அப்படி வந்து விழுந்தவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். 2021-ல் அந்த வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். கண்ணகி நகர் என்ற பெயர் மேல் படிந்த கறை மாறவில்லை.

அம்மாவின் நான்கு வீடு இரண்டாகக் குறைந்தது. பன்னிரண்டு பதிமூன்று கிலோமீட்டர் பஸ் ஏறிப் போய்க் காலை ஆறரைக்கு வாசல் தெளிக்க முடியாது. பக்கத்திலேயே பழைய மகாபலிபுரம் சாலையில் அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்தன. அங்கே வேலை கேட்டுப் போனார். கேட்டில் இருக்கும் செக்யூரிட்டியின் முதல் கேள்வி: “எங்கேருந்து வர்ற?” மூன்று இடத்தில் கண்ணகி நகர் என்று உண்மையைச் சொன்னார். மூன்று இடத்திலும் “சொல்லி அனுப்புறோம்” என்றார்கள். நான்காவது இடத்தில் “துரைப்பாக்கம்” என்றார். மறுநாளே வேலை கிடைத்தது.

அதற்குப்பின் பத்து வருடம் அம்மா துரைப்பாக்கத்துக்காரர். ஒருநாள் நல்ல மழை. அந்த வீட்டு அம்மா இரக்கப்பட்டு, காரிலேயே கொண்டுபோய் விடுகிறேன் என்று ஏற்றிக்கொண்டார். அம்மா துரைப்பாக்கம் சிக்னலில் “இங்கதான் வூடு” என்று சொல்லி இறங்கி, கார் மறையும்வரை ஒரு கடை ஓரம் நின்று, மீதி தூரத்தை மழையில் நனைந்தபடி நடந்து வந்தார். அவருக்குத் தலை துவட்டிவிட்டது நான்தான். பொய் சொல்லாத ஆள் வேண்டும் என்று கேட்ட நகரம், பொய் சொன்ன பிறகுதான் அவருக்கு வேலை கொடுத்தது.

இன்றைக்குச் சென்னையில் வேலைக்கு ஆள் எடுக்கும்போது சாதி கேட்பது நாகரிகமில்லை என்று படித்தவர்களுக்குத் தெரியும். ஏரியா கேட்கலாம். அதில் தப்பே இல்லை. ஏரியாவைச் சொன்னால் சாதியும் சேர்ந்து தெரிந்துவிடும், கேட்டவர் கையும் சுத்தமாக இருக்கும். 2025 அக்டோபரில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் ஆடிய கார்த்திகா கண்ணகி நகர்ப் பிள்ளை. ஊரே கொண்டாடியது. அம்மா டி.வி. முன்னால் உட்கார்ந்து அழுதார். அதே மாதத்திலும் அந்த நிறுவனங்களின் ‘எடுக்கமாட்டோம்’ பட்டியலில் அந்தப் பெயர் இருந்திருக்கும்.

தேடலுக்கு வருகிறேன். இரண்டாவதாகப் பேசிய நிறுவனம் வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் அனுப்பியது. மேலே சமையல். அதிலேயே ‘பிராமின் குக்’ என்று தனி வரி, தனி விலை. அடுத்து குழந்தை பார்த்துக்கொள்வது. அடுத்து பாத்திரம். அடுத்து பெருக்கித் துடைப்பது. கடைசி வரி பாத்ரூம், அதற்குப் பக்கத்தில் ‘தனி ஆள்’. எதற்குத் தனி ஆள் என்று கேட்டேன். “சமையல் பண்றவங்க பாத்ரூம் தொடமாட்டாங்க மேடம். பாத்ரூம் கழுவுறவங்களை கஸ்டமர்ஸ் கிச்சன்ல விடமாட்டாங்க.” சாதி என்பது வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து ஒருவர்மேல் ஒருவராக அடுக்குகிறது என்பதை அம்பேத்கர் 1936-ல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் விளக்கினார். முதுகலையில் ஒரு பருவம் முழுக்க நான் படித்ததை ஐந்து வரி விலைப்பட்டியலில் அடக்கிவிட்டார்கள்.

சமூகவியல் படிக்கும்போது சாரா டிக்கி என்ற மானுடவியலாளரின் கட்டுரை ஒன்றை வாசித்தேன். 2000-ல் வெளியானது. மதுரையில் வீட்டு வேலை செய்யும் பெண்களையும் அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் குடும்பங்களையும் பற்றிய ஆய்வு. வேலைக்கு வருபவர் தெருவின் அழுக்கை வீட்டுக்குள் கொண்டு வந்துவிடுவார், வீட்டின் பொருளையும் ரகசியத்தையும் வெளியே கொண்டு போய்விடுவார் என்ற இரட்டைப் பயம் அந்தக் குடும்பங்களுக்கு இருந்ததை அவர் எழுதியிருந்தார். அதை வாசித்தபோது ஒன்று உறைத்தது. அழுக்கை வெளியேற்றத்தான் அந்தப் பெண்ணையே கூப்பிடுகிறோம். அழுக்கு போனபின் அவரையே அழுக்காகப் பார்க்கிறோம். ‘நம்பகமான ஆள்’ என்ற சொல்லுக்குள் திருட்டுப் பயம் மட்டும் இல்லை. தீட்டும் அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது.

ஒரு தாளில் ஐந்து கேள்வி எழுதினேன். இந்த முறை நம்பிக்கைச் சான்று கேட்டது நிறுவனத்திடம்.

ஒன்று, நான் கொடுக்கும் பணத்தில் வேலை செய்பவர் கைக்கு எவ்வளவு போகிறது? இரண்டு, வாரம் ஒருநாள் விடுமுறை உண்டா, காய்ச்சல் என்று படுத்தால் சம்பளம் பிடிப்பீர்களா? மூன்று, ஆசிட், பிளீச்சிங் பவுடர் கொடுத்து அனுப்புகிறீர்களே, கையுறை உண்டா, எதை எதோடு கலக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தீர்களா? நான்கு, ஒரு வீட்டில் திருட்டுப் பழி சுமத்தினால் நீங்கள் யார் பக்கம் நிற்பீர்கள்? ஐந்து, அவர்கள் நலவாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா?

மூன்றாவது கேள்வி எங்கள் வீட்டிலிருந்தே வந்தது. பாத்ரூம் டைல்ஸுக்கு ஆசிட் ஊற்றி, கறை போகவில்லை என்று அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவினால் குளோரின் வாயு கிளம்பும். அம்மா ஒருமுறை ஜன்னல் இல்லாத பாத்ரூமில் அதைச் செய்துவிட்டு, மூச்சுத் திணறி வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறார். அந்த வீட்டில் யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கறை போச்சா என்று மட்டும் கேட்டார்களாம்.

நான்கு இடத்தில் இந்தக் கேள்விகளைக் கேட்டேன். ஒருவர் பாதியில் போனை வைத்துவிட்டார். ஒருவர் “அதெல்லாம் எங்க இன்டர்னல் மேட்டர்” என்றார். செயலி வழியாக ஆள் அனுப்பும் நிறுவனத்தில் பேசிய பெண்ணுக்கு, நான் ஏன் இதைக் கேட்கிறேன் என்றே புரியவில்லை. “உங்களுக்குப் பிடிக்கலைன்னா ஸ்டார் கம்மியா குடுங்க மேடம், அடுத்த தடவை அவங்க வரமாட்டாங்க” என்று ஆறுதல் சொன்னார். வேளச்சேரியில் சின்ன அளவில் இதை நடத்தும் ஓர் அம்மா மட்டும்தான் மறைக்காமல் பேசினார். நூறில் அறுபது வேலை செய்பவருக்கு. விடுமுறைக்குச் சம்பளம் இல்லை. நலவாரியம் பற்றித் தெரியாது. திருட்டுப் பழி? “ஆளை மாத்திடுவோம்மா. கஸ்டமரை விட்டுட முடியுமா, வேற என்ன பண்றது?” அதாவது விசாரணையே வேண்டாம். சொன்னால் போதும், அந்தப் பெண்ணுக்கு வேலை போய்விடும். போகும்போது திருடி என்ற பெயரும் கூடவே போகும்.

அவர் உண்மை பேசினார் என்பதற்காக அவரிடமே ஓர் ஆள் கேட்டேன். வந்த பெண் நன்றாகத்தான் வேலை செய்தார். கூடத்தைத் துடைக்கும்போது சுவரில் இருந்த பாபாசாகேப் படத்தை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வரவில்லை. “வீட்டுக்காரர் வேணாம்னுட்டாராம்மா” என்று போனில் பதில் வந்தது. அம்மா மறுபடி சிரித்தார். வேலைக்குப் போனாலும் நம்மை வேண்டாம் என்கிறார்கள், வேலை கொடுத்தாலும் வேண்டாம் என்கிறார்கள். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு மேலே பத்துப் படி இருக்கிறது. கீழே ஒரு படியாவது இருக்க வேண்டும் என்றுதான் அவருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

கடைசியில் வீட்டு வேலைத் தொழிலாளர் சங்கம் ஒன்றில் இருக்கும் தோழி மூலமாகத்தான் அக்கா வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். முதல் நாள் நேர்காணல் நடத்தியது அம்மா. துடைப்பத்தைப் பிடிக்கிற பிடியைப் பார்த்தே, “கை தெரிஞ்ச கை” என்று எனக்குக் கண்ணால் சொன்னார். பிறகு கேட்டார்.

“எங்கேருந்து வரே?”

“துரைப்பாக்கம்மா.”

“துரைப்பாக்கத்துல எங்க?”

“பஸ் ஸ்டாண்டு பக்கம்.”

அம்மா கொஞ்ச நேரம் அக்காவையே பார்த்தார். “நானும் பத்து வருஷம் துரைப்பாக்கம்தான். எந்த பிளாக்கு?”

அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். அப்புறம் அரைமணி நேரம் வேலை நடக்கவில்லை.

சம்பளம் பேசினோம். காலை இரண்டு மணி நேரம், வாரம் ஆறு நாள், மாதம் 4,500 ரூபாய். ஞாயிறு விடுமுறை. மாதம் இரண்டு நாள் சம்பளத்தோடு லீவு. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொண்டோம். 2018-ல் தமிழ்நாடு அரசு வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியாக மணிக்கு 37 ரூபாய் நிர்ணயித்தது. நான் கொடுப்பது மணிக்கு 86 ரூபாய்க்கு மேல் வருகிறது. அம்மாவிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அம்மா மனக்கணக்குப் போட்டார். “இதுமாதிரி அஞ்சு வூடு பண்ணா இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு. அஞ்சு வூடு பண்ணா முட்டி போவும்.” என் பெருமை அத்தோடு அடங்கியது.

இரண்டாம் நாள் டீ போட்டேன். அக்கா சமையலறை அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “என் டம்ளர் எது மேடம்?” எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. இருபது வருடமாக எல்லா வீட்டிலும் அவருக்கென்று ஒரு டம்ளர் இருந்திருக்கிறது. தனியாக, ஜன்னல் மேட்டில், கவிழ்த்து வைத்தபடி. “எது கைக்கு வருதோ அதுல குடி” என்று உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தார்.

டம்ளர் என் கண்ணில் பட்டது. பாத்ரூம் அம்மா கண்ணில்தான் பட்டது. “அது மூணு நாளா நம்ம பாத்ரூமுக்கே போவல, கழுவ மட்டும்தான் போவுது. காலைல தண்ணி குடிக்காம வருது” என்றார். அம்மாவும் அப்படித்தான் இருந்திருக்கிறார். காலையில் தண்ணீர் குடித்தால் பத்து மணிக்கு எங்கே போவது? கழுவலாம், பயன்படுத்தக் கூடாது என்பது எந்த வீட்டிலும் எழுதி ஒட்டாத சட்டம். வெயில் காலத்தில் நீர்க்கடுப்பு வந்து அம்மா துடித்ததன் காரணம் எனக்கு முப்பத்தாறு வயதில்தான் முழுதாகப் புரிந்தது.

இதுவரை எழுதியதில் நான் நல்லவளாகவே தெரிகிறேன். இனிமேல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம்.

மூன்றாம் மாதம். ஒரு சனிக்கிழமை மாலை கைப்பையைத் திறந்தேன். நான்காயிரம் ரூபாய் இருக்க வேண்டும். இரண்டாயிரத்து ஐந்நூறுதான் இருந்தது. பை காலை முழுக்க என் அறை நாற்காலியில் கிடந்தது. அக்கா அந்த அறையைப் பெருக்கியிருந்தார். அவர் எத்தனை மணிக்கு அறைக்குள் போனார், நான் அப்போது குளித்துக்கொண்டிருந்தேனா என்று மனம் கணக்குப் போட்டது. பீரோவைத் திறந்து அம்மாவின் கம்மல் இருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் இரண்டு நிமிடத்துக்குள். என் படிப்பு, என் இயக்கம், நான் பிறந்து வளர்ந்த வீடு எதுவும் அந்த இரண்டு நிமிடத்தில் குறுக்கே வந்து என்னைத் தடுக்கவில்லை.

அம்மா வாக்கரைப் பிடித்தபடி வாசலில் நின்றார். “பிசியோதெரபி தம்பிக்கு மூணு நாள் காசு உன் பையிலேருந்து எடுத்துக் குடுத்தேன். சொல்ல மறந்துட்டேன். எதுக்கு பீரோவத் தொறந்தே?”

நான் பேசவில்லை. பீரோவையும் என் முகத்தையும் பார்த்தார்.

“உனக்கும் வந்துடுச்சா?”

அன்றிரவு அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். 2004-ல் ஒரு வீட்டில் செயின் காணவில்லை. அம்மாவைச் சமையலறையில் நிற்க வைத்து, முந்தானையை உதறச் சொல்லி, கூடையைக் கொட்டச் சொல்லி, கடைசியில் ஜாக்கெட்டுக்குள்ளும் கையை விட்டுப் பார்த்திருக்கிறார்கள். சாயந்தரம் தலையணை உறைக்குள் செயின் கிடைத்தது. “கிடைச்சுடுச்சு. நாளைக்குச் சீக்கிரம் வா” என்றார்களாம். மன்னிப்பு இல்லை. வீட்டில் சுட்ட வடை நான்கைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். அந்த வடை எனக்கு நினைவிருக்கிறது. நானும் தம்பியும் ஆளுக்கு இரண்டு தின்றோம். அம்மா பசியில்லை என்றார். மறுநாள் அதே வீட்டுக்கு வேலைக்குப் போனார். மாதச் சம்பளம் பாக்கி இருந்தது.

மறுநாள் காலை அக்காவிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். “கேக்காதே. அது உன் பாரம். அது தலைல ஏன் எறக்குற?” என்றார்.

இதை ஏன் பொதுவில் எழுதுகிறேன்? சந்தேகம் கெட்டவர்களுக்கு மட்டும் வருவது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை. பீரோ சாவி கைக்கு வந்ததும் அதுவும் சேர்ந்து வருகிறது. நம்மில் படித்து, வேலைக்குப் போய், வீட்டுக்கு ஆள் வைக்கும் நிலைக்கு வந்தவர்கள் பலர் இருக்கிறோம். இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களிலும் இருப்பீர்கள். நம் வீடுகளில் அந்த அக்காக்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று நாம் பேசுவதே இல்லை. நாம் ஒடுக்கப்பட்டவர்கள், நம்மால் ஒடுக்க முடியாது என்று எண்ணிக்கொள்கிறோம். அந்த இரண்டு நிமிடத்தில் என்னால் முடிந்தது. என் சந்தேகத்தை ஒரு போன் காலாக மாற்றியிருந்தால், சங்கம் தலையிடுவதற்குள் அக்காவின் மற்ற வீடுகளும் போயிருக்கும்.

அதன் பிறகு வீட்டில் சில பழக்கங்களை வைத்துக்கொண்டோம். பணம் எடுத்தால் நோட்டில் எழுத வேண்டும், அம்மாவும் நானும். நகையைப் பூட்டி வைப்பது என் பொறுப்பு. பூட்டுவது யாருக்கும் அவமானமில்லை. திறந்து போட்டுவிட்டு ஆளைச் சந்தேகப்படுவதுதான் அவமானம். ஒரு பொருள் காணவில்லை என்றால் முதலில் வீடு முழுக்கத் தேட வேண்டும், அடுத்து வீட்டில் இருப்பவர்களைக் கேட்க வேண்டும். இவை பெரிய புரட்சி ஒன்றுமில்லை. ஆனால் தனி மனிதரின் நல்ல மனசை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டேன். என் நல்ல மனசு இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. எழுதி வைத்த விதிதான் தாங்கும்.

சட்டமும் அதற்குத்தான் வேண்டும். வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாட்டில் 2007-லேயே நலவாரியம் வந்துவிட்டது. பிள்ளைகளின் படிப்புக்கும், விபத்துக்கும், 60 வயதுக்குப் பின் ஓய்வூதியத்துக்கும் அதில் வழி இருக்கிறது. பதிவு செய்தால்தான். 2013-ன் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் வீடும் பணியிடம்தான், வீட்டு வேலை செய்யும் பெண் மாவட்ட அளவிலான குழுவிடம் புகார் கொடுக்கலாம். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2011-ல் வீட்டு வேலைத் தொழிலாளருக்கான 189-வது உடன்படிக்கையைக் கொண்டுவந்தபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. இன்றுவரை அதை ஏற்று உறுதி செய்யவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இவர்களுக்கென்று தனிச் சட்டம் தேவையா என்று ஆராயக் குழு அமைக்கும்படி ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. வேலைக்கு வருகிறவரைச் சரிபார்க்கப் போலீஸ் வெரிஃபிகேஷன் இருக்கிறது. வேலைக்கு வைக்கிற வீட்டைச் சரிபார்க்க எந்தப் படிவமும் இல்லை.

அக்காவுக்கு நலவாரியப் பதிவு இல்லை. இருபது வருடத்தில் ஒரு வீடும் வேலைச் சான்றில் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை. வம்பு என்று பயந்திருக்கிறார்கள். நான் போட்டுக் கொடுத்தேன். தோழர்களே, உங்கள் வீட்டில் வேலை செய்பவரிடம் இன்றைக்கே கேளுங்கள், பதிவு இருக்கிறதா என்று. இல்லையென்றால் ஒரு மணி நேர வேலை, ஒரு கையெழுத்து.

முதலில் பேசிய நிறுவனத்துக்கும் மறுபடி போன் போட்டேன். அன்று சொல்லாமல் விட்டதைச் சொன்னேன். “நீங்க எடுக்கறதில்லன்னு சொன்னீங்களே, எங்கம்மா அந்த ஏரியாதான். நானும்தான்.” அவர் பதறிவிட்டார். “தப்பா எடுத்துக்காதீங்க மேடம். எங்களுக்கு ஒண்ணுமில்ல. கஸ்டமர்ஸ் கேக்குறாங்க.” அவர் சொன்னது உண்மைதான். கேட்கிறவர்கள் இருக்கும்வரை அந்த உத்தரவாதம் விற்கும். ‘அந்த உத்தரவாதம் எனக்கு வேண்டாம், ஆளுக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்’ என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் அவருடைய பேச்சும் மாறும்.

எங்கள் குடியிருப்பில் வேலைக்கு வரும் பெண்களின் பையை வெளியே போகும்போது கேட்டில் திறந்து பார்க்கிறார்கள். குடியிருப்பவர்கள் பையைப் பார்ப்பதில்லை. சங்கக் கூட்டத்தில் எழுப்பினேன். “சேஃப்டிக்காகத்தானே” என்றார்கள். ஒரு மணி நேர வாக்குவாதத்துக்குப் பின், கேட் பக்கம் இருக்கும் கழிப்பறையை வேலைக்கு வரும் பெண்களும் பயன்படுத்தலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். பை சோதனை தொடர்கிறது. அடுத்த கூட்டத்திலும் எழுப்புவேன்.

அம்மா இப்போது வாக்கர் இல்லாமல் நடக்கிறார். அக்கா வரும் நேரத்துக்கு டீ போடுவது அவர்தான். அக்கா எங்கள் குடியிருப்பிலேயே இன்னும் மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். கேட்டில் இருக்கும் நோட்டில் அவர் பெயருக்கு எதிரே முகவரி என்ற இடத்தில் இன்றும் துரைப்பாக்கம் என்றுதான் இருக்கிறது. மாற்ற வேண்டாம் என்று அக்கா கேட்டுக்கொண்டார். நான்கு வீடுகளில் எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் உண்மை தெரியும். இந்தக் கட்டுரையில் அக்காவின் பெயரும் குடியிருப்பின் பெயரும் இல்லாததற்கு அதுதான் காரணம்.